மலாக்காச் சந்தையும் நம்மவர் கறிக்கூடையும்

மலாக்காவின் சரித்திரத்தை எழுதினோர் பலர். பரமேசுவரன் மரத்தடியில் அமர்ந்த கதையை எழுதினர். அல்புகெர்க்கின் பீரங்கி முழக்கத்தை எழுதினர். ஒல்லாந்தர் கோட்டையையும் ஆங்கிலேயர் உடன்படிக்கையையும் எழுதினர். ஆயின், அந்நகரில் வாழ்ந்த ஒரு குடும்பம் காலையில் எந்தக் கடைக்குச் சென்று, எந்தக் கீரையைப் பொறுக்கி, அதை எவ்வாறு சமைத்து உண்டது என்பதை எழுதினோர் மிகச் சிலரே. கோட்டையில் கொடி மாறிய நாளிலும் அடுப்பு எரிந்துதானே இருக்கும்?

நம்மவர் சரித்திரத்திலோ இக்குறை இன்னும் பெரிது. தோட்டத்துக் கிராணி வேலை பார்ப்பவன் என்ற முறையில் இது எனக்கு நன்கு தெரியும். செக்ரோலில் பெயருக்குக் கட்டம் உண்டு. வேலை நாளுக்குக் கட்டம் உண்டு. ரப்பர்ப் பாலின் ராத்தல் கணக்குக்கும், பின்னாளில் செம்பனைக் குலையின் எடைக்கும் கட்டம் உண்டு. சம்பளப் பிடித்தத்துக்கு ஒன்றுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. லயத்துக் கொல்லையில் நின்ற முருங்கைக்கும், அதன் கீரையை உருவிப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்த தாய்க்கும் ஏட்டில் கட்டம் இல்லை. பின்னர் அவ்வேடுகளைப் பார்த்தே சரித்திரம் எழுத வந்தவர்களுக்கு அவள் எங்ஙனம் தென்படுவாள்?

உண்ணும் காய்கறியைத் தன் மண்ணில் விளைத்துக்கொள்ளவோ, தன் கைக்காசு கொண்டு தன் விருப்பப்படி தேர்ந்து வாங்கவோ மலாக்காத் தமிழர்க்கு எப்போது இயன்றது, எப்போது இயலாமற் போயிற்று? அதையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற் படையுடன் 1413-ஆம் ஆண்டில் புறப்பட்ட மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான் என்பார், தாம் கண்ட மலாக்காவைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தார். நிலம் உவர்; பயிர் விளைவு குறைவு. ஆற்றின் குறுக்கே அரசர் ஒரு பாலம் அமைத்து, அதன்மேல் இருபதுக்கு மேற்பட்ட மண்டபங்களைக் கட்டியிருந்தார். எல்லாப் பண்டங்களின் வாணிபமும் அங்கேயே நடந்தது. கரும்பு, வாழை, பலா ஆகியவற்றையும், வெங்காயம், இஞ்சி, பூண்டு, கடுகு, பூசணி வகைகளையும் அவர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகட்கு முன் மலாக்கா ஆற்றுப் பாலத்தின்மேல் நின்று இஞ்சிக்கும் பூண்டுக்கும் பேரம் பேசியவர்களுள் தமிழரும் இருந்திருப்பர் என்று கருதுவது மிகையாகாது.

நூறாண்டு கழித்து, 1512-க்கும் 1515-க்கும் இடையில் அங்கிருந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துகேசியர் விரிவான நூலொன்று எழுதினார். அவர் மருந்துச் சரக்கு வல்லுநர். ஆதலின் சரக்குகளை உற்று நோக்கினார். மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டன என்பது அவர் கணக்கு. துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். அவருள் ஒருவர் நம் கரையிலிருந்து வந்த கலிங்கர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசை நாட்டார் ஆகியோர்க்கு உரியவர். ‘கலிங்கர்’ என்று அக்காலத்தார் சொன்னது பெரும்பாலும் நம்மையே. அரிசி ஜாவாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெகுவிலிருந்தும் வந்தது. மலாக்கா தன் சோற்றைத் தானே விளைத்த ஊரன்று. கப்பல் வந்தால்தான் உலை. இவ்வுண்மையை வாசகர் நினைவில் வைக்கவேண்டும், பின்னால் தேவைப்படும்.

அந்நாளில் தமிழன் ஊட்டுபவனாய் இருந்தான். நைனா சாத்து போன்ற பெருவணிகர் கப்பல் கப்பலாய்ச் சரக்கு ஏற்றினர். 1511-இல் நகரைப் பிடித்த போர்த்துகேசியர் அவரைப் பெந்தகாரா பதவியிலும் வைத்தனர். இதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் நம்மிடையே பலர் உளர். நானும் சிறிது பெருமைப்படுகிறேன். ஆனால் அவர் கப்பலில் மூட்டை சுமந்தவன் பெயர் எங்கேனும் உண்டா என்று தேடினால் இல்லை.

நம்மவர் சந்தை கண்டறியாதவர் அல்லர். மதுரைக்காஞ்சியில் பகற்கடை நாளங்காடி என்றும், இரவுக்கடை அல்லங்காடி என்றும் பெயர் பெற்றுள்ளது. இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மாலை விளக்கேற்றி விரிக்கும் ‘பசார் மாலாம்’ இந்த அல்லங்காடியன்றி வேறென்ன? மலாய் மக்கள் தம் கடையைக் ‘கெடாய்’ என்கின்றனர். அது நம் ‘கடை’. அவர்தம் ‘காரி’ நம் கறி. ‘முருங்காய்’ நம் முருங்கை. ‘மங்கா’ நம் மாங்காய். அம்மாங்காயே மலாய் வழியாய்ப் போர்த்துகேசியர் வாய்க்குச் சென்று, பின் ஆங்கிலேயனுக்கு ‘மாங்கோ’ ஆயிற்று. வாளால் வென்ற நாடுகளில் வெற்றித் தூண் நடுவர். நம்மவர் மலாய்ச் சமையலறையில் விட்டுச் சென்ற தூண்கள் இவையே.

கொண்டதும் உண்டு. மிளகாய், தக்காளி, மரவள்ளி, பப்பாளி, அன்னாசி, கொய்யா ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். போர்த்துகேசியரும் இசுபானியரும் கடல் கடந்த பின்னரே கீழைநாடுகளுக்கு வந்தவை. ‘அன்னாசி’ என்னும் சொல்லே போர்த்துகேசியச் சொல். நம் முன்னோர் உறைப்புக்குப் பெரிதும் நம்பியது மிளகையே. புதுக்காய் வந்தபோது மிளகின் பெயரையே நீட்டி ‘மிளகாய்’ ஆக்கிக்கொண்டனர் போலும். இன்றும் வைதிகர் வீட்டுத் திதிச் சமையலில் மிளகாயைச் சேர்ப்பதில்லை. அது வந்தேறி என்பது அவர்கட்கு நினைவிருக்கிறது! அது போகட்டும். ஆனால் ‘ஆதிகாலந் தொட்டு மாறாத நம் சமையல்’ என்று மேடையில் முழங்குவோர் வீட்டுக்குச் சென்றால், முந்நூறு நானூறு ஆண்டுகட்கு முன் வந்த மிளகாயைத்தான் குழம்பில் கரைத்து வைத்திருக்கின்றனர். மாறாதது எதுவும் அடுப்பில் ஏறியதில்லை.

இனி, மலாக்காச் செட்டிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர்களை நாட்டுக்கோட்டையாரோடு குழப்பலாகாது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து, மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்து இந்நாட்டிலேயே தங்கியவர்களின் வழிவந்தோர் இவர். 1781-இல் ஒல்லாந்த ஆட்சி, அவர்தம் தலைவர் தைவநாயகம் செட்டிக்குத் தந்த நிலத்தில் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் எழுந்தது. தட்டார் தெருவில் இன்றும் நிற்கிறது. வாணிபம் ஐரோப்பியர் கைக்குப் போனபின் இம்மக்கள் நகரை விட்டுக் காஜா பேராங், பாச்சாங், தெங்கேரா ஆகிய புறப்பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். துலாக்கோல் பிடித்த கை ஏர் பிடித்தது. நெல் விளைத்தனர், கொல்லையில் காய்கறி போட்டனர், கனிமரம் நட்டனர். 1822-இல் காஜா பேராங்கில் மாரியம்மன் கோயிலும் எழுந்தது. உழவர் வீட்டுத் தெய்வம் மாரியாக இருப்பது இயல்புதானே.

தமிழ் அவர்கள் நாவை விட்டுப் பெரும்பாலும் நீங்கிவிட்டது. மலாய் கலந்த தம் மொழியில் பேசுகின்றனர். பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் அணிவர். பெலாச்சான் சம்பல் இன்றி அவர்கட்கு விருந்து இல்லை. இதைக் கண்டு நம்மவருட் சிலர் மூக்கைச் சுளிக்கின்றனர். சுளிக்குமுன் அவர்தம் இல்லத்துக்கு ஜூன், ஜூலைத் திங்களில் ஒருமுறை சென்று வரட்டும்.

நம் தாயகத்தில் கோடை என்றால் மாம்பழக் காலம். இந்நாட்டில் கோடையென்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுதும் வெயில், ஆண்டு முழுதும் மழை. ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை வரும் பழப்பருவமே நமக்குக் கோடை. டுரியான் விழும், மங்குஸ்தான் கறுக்கும், ரம்புத்தான் சிவக்கும், லங்சாட் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். அப்பருவத்தில் செட்டி மக்கள் ‘பார்ச்சு’ என்னும் முன்னோர் படையல் இடுகின்றனர். ஆண்டில் இருமுறை: பொங்கலை ஒட்டிப் போகியன்று சோறும் கறியும், பழப்பருவத்தில் கனிகள். வாழையிலையில் உணவு படைத்து முன்னோரை நினைக்கும் வழக்கம் தமிழகத்தது. படைக்கும் டுரியான் மலாய் மண்ணுக்குரியது. மொழியை இழந்த மக்கள் பொங்கலை இழக்கவில்லை. காரணம் யாது? கோயில் ஒன்று என்பர். எனக்கோ, கொல்லையும் ஒரு காரணமாகத் தோன்றுகிறது. மண் கைவசம் இருந்தது. அம்மண்ணில் விளைந்ததை முன்னோர்க்குப் படைக்க முடிந்தது. மொழி போனதை நான் பாராட்டுவதாக எவரும் எண்ணவேண்டா. ஆனால் தமிழை விடாது பேசிய தோட்டத்துத் தமிழனுக்கு இத்தகைய மண் ஒரு முழமும் சொந்தமாய் இருந்ததில்லை என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

கொல்லையின் விளைவுக்காக மலாக்காவில் ஒரு போரே நடந்தது. அலோர் காஜாவைச் சூழ்ந்த நானிங் நாட்டார் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல் மட்டும் அடையாளத் திறையாய்க் கொடுத்து வந்தனர். ஆங்கிலேயர் வந்து, விளைவில் பத்தில் ஒரு பங்கு கொடு என்றனர். தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831-இல் சென்ற படை தோற்றுத் திரும்பிற்று. 1832-இல் பெரும்படை சென்று வென்றது. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் என்பர். காடு வெட்டி வழிசெய்து சென்ற அப்படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இருந்தனர். பிறர் தோட்டத்துப் பத்தில் ஒன்றுக்காக நம்மவர் இரத்தம் சிந்தியது இவ்வாறு.

பின்னர் மலாக்கா உள்நாட்டில் மரவள்ளி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன முதலாளிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அதைப் பயிரிட்டு, மாவாகவும் மணியாகவும் ஏற்றுமதி செய்தனர். மண்ணின் சத்தை உறிஞ்சிய பயிர் அது. சில விளைச்சலுக்குப் பின் நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டை வெட்டினர். மரவள்ளி பயிரிட்டவர்களுள் ஒருவரான டான் சே யான், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர்க் கன்று நட்டார். மலாயாவில் வாணிப நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின் புக்கிட் அசகானில் அவர் முயற்சி பெரிதாக விரிந்தது. மிளகாயைப் போலவே, மரவள்ளியைப் போலவே, ரப்பரும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் மிளகாயையும் மரவள்ளியையும் உண்ணலாம்.

ரப்பர் நம்மவரை ஆயிரமாயிரமாய் அழைத்து வந்தது. கங்காணி ஊருக்குப் போய்ச் சோற்று நாடு என்று சொல்லி ஆள் திரட்டினான். வந்து பார்த்தால் எட்டிய மட்டும் கித்தா மரம், லயம், பெரட்டுக் களம், தோட்டக் கடை. ஊரில் பஞ்சமே ஆயினும், ஏரிக்கரையில் பண்ணைக் கீரையும் வேலியோரத்தில் தூதுவளையும் பறித்த பெண், ஒரு பிடி கீரைக்கும் கடைக்குச் செல்ல வேண்டியவளானாள். அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். பருப்பு, புளி, மிளகாய், கருவாடு ஆகியவற்றுக்குக் கடையில் பற்று. கடை பல இடங்களில் கங்காணியுடையது அல்லது அவன் உறவினனுடையது. விலை அவன் சொன்னது, நிறை அவன் பிடித்தது, எழுதுவதும் அவனே. கூலியாள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: ‘இன்னும் எவ்வளவு நிற்கிறது?’

1930-இல் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு தொழிலாளிக்கு மாதத்துக்கு வேண்டிய பண்டங்களுக்கு விலை போட்டுப் பார்த்தே இத்தகைய கூலியை நிர்ணயித்தனர். பெண்ணுக்கு ஏன் பத்துக் காசு குறைவு? வயிறும் பத்துக் காசு சிறிதோ? அவளே அல்லவா சமைப்பவள், பரிமாறுபவள், கடைசியில் சட்டியை வழிப்பவள்! உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அக்கூலியும் வெட்டப்பட்டது; 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்.

சட்டம் ஒரு வழி காட்டாமல் இல்லை. அண்டையிலிருந்த மலாய் ஐக்கிய நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுடைய தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கவேண்டும் என்றது. கணக்கிட்டால் ஏறத்தாழ 2,720 சதுர அடி. நான் அடி நாடா பிடித்து அளந்து பார்த்திருக்கிறேன், சிறிய இடமன்று. நான்கு பாத்தி கீரை, இரண்டு வரிசை கத்திரி, வெண்டை, ஒரு பந்தலில் பாகலும் புடலும், மூலையில் முருங்கை, வாழைக் கட்டை இரண்டு, ஓரத்தில் கறிவேப்பிலை: ஐந்து பேருடைய குடும்பத்துக்குக் காய்கறிக் கவலை தீரும். ஆனால் விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்ப் பகலுக்குப் பின் திரும்புகிறவர்கள் எந்நேரத்தில் மண்ணைக் கொத்துவது? அன்றியும் அம்மண் துரையுடையது; இடமாற்றம் என்றால் காய்த்த கொடியை அப்படியே விட்டுப் போகவேண்டும். இவ்வளவு இருந்தும் பெண்கள் நட்டனர். லயத்துப் பின்புறம் சாணியும் சாம்பலும் கொட்டி அவர்கள் வளர்த்த கொல்லைகள் சட்டத்தால் வந்தவை அல்ல, பிடிவாதத்தால் வந்தவை.

நம் ஏழைகளின் உணவில் இருந்த ஒரு நன்மையை ஈண்டுச் சொல்லியாகவேண்டும். அந்நாளில் மலாயாவின் சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் ‘பெரிபெரி’ என்னும் நோய் கூட்டங் கூட்டமாய் மக்களைக் கொன்றது. சீனத் தொழிலாளர் மடிந்தனர். தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், தமிழர் உண்பது புழுங்கலரிசி என்பதைக் கவனித்து, 1907-இல் வெளியிட்ட நூலில் தீட்டிய பச்சரிசியையே குற்றம் சாட்டினார். கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்து பிரேசரும் ஸ்டான்டனும் அதே நெகிரி செம்பிலானில் சாலை வேலைக்குச் சென்ற ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துச் சோதித்தனர். பச்சரிசி உண்டோர்க்கே நோய் வந்தது. 1909-இல் இம்முடிவு வெளியாயிற்று. நெல்லை அவித்துக் காயவைக்கையில் தவிட்டின் சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. இன்று அதை பி-1 வைட்டமின் என்கின்றனர். பெயர் தெரியாமலே நம் பாட்டிமார் அதை நெல் அவிக்கும் பானையில் காத்து வைத்திருந்தனர். வெள்ளை வெளேரென்ற பச்சரிசிச் சோறே உயர்குலத்துக்கு அழகு என்று எண்ணிய நம்மவரும் இருந்தனர். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் தோட்டத்துச் சுடுகாடு இன்னும் பெரிதாகியிருக்கும்.

சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு ஒன்றே லயத்துப் பெண்ணுக்குரிய நாள். கணவன் கள்ளுக்கடைப் பக்கம் திரும்புமுன் கையில் கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு, லாரியிலோ கால்நடையாகவோ ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தம்பின் என்று அருகிலுள்ள பட்டணத்துக்குச் செல்வாள். அங்கே சீனர் தம் காய்கறித் தோட்டத்திலிருந்து சாவியும் காங்கோங்கும் பயற்றங்காயும் கொணர்ந்திருப்பர். கம்பத்து மலாய் மாதர் பெத்தாய்க் கொத்தும், மரவள்ளிக் கொழுந்தும், பழமும் பாயில் பரப்பியிருப்பர். காத்திக்கு எவ்வளவு என்று பசார் மலாயில் கேட்பாள். பொருந்தாவிடின் அடுத்த பாய்க்கு நடப்பாள். தோட்டக் கடையில் பற்றேட்டுக்கு முன் வாய் திறவாது நின்றவள் இங்கே நடந்துகாட்டுகிறாள்! சில தோட்டங்களில் இன்ன சாதிக்கு இன்ன லயம் என்று பிரித்து வைத்திருந்தனர், குழாயடியிலும் வேற்றுமை. சந்தையில் சீனன் அவள் நீட்டிய காசை வாங்கிப் பெட்டியில் போட்டான். எந்த லயத்துக் காசு என்று கேட்கவில்லை. சுயமரியாதை என்னும் சொல்லை அவள் கேள்விப்படுமுன்பே அதன் சுவையைச் சந்தையில் கண்டிருப்பாள் என்பது என் துணிபு.

எழுத்தறியாதவள் என்று செக்ரோலில் அவள் பெயருக்கு எதிரே கைந்நாட்டு இருக்கும். அவள் படிப்பு வேறு. வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பாள். சட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பாள். கத்திரிக்காயில் காயைப் பாராது காம்பைப் பார்ப்பாள். காம்பு பசுமையாயின் அன்று பறித்தது. மங்குஸ்தானைக் கவிழ்த்து அடியிலுள்ள பூவிதழ் போன்ற தழும்பை எண்ணுவாள்; எத்தனை இதழோ அத்தனை சுளை. ஆங்கிலப் புத்தகம் பல படித்த எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகை அம்மையார்.

அன்று மாலை லயத்தில் எழும் மணமே தனி. வாங்கி வந்த கத்திரிக்காயைக் கருவாட்டோடு புளிக்குழம்பில் இடுவர். முருங்கைக் கீரையை உருவி, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்து, மூடாமல் வதக்கித் தேங்காய்ப்பூ தூவி இறக்குவர். மூடினால் பச்சை நிறம் போய்விடும் என்பர். காங்கோங்கைப் பெலாச்சானோடு வதக்குவதை மலாய் அண்டையாரிடம் கற்றனர். மரவள்ளிக் கொழுந்தை வேகவைத்து நீரை வடித்துத் தேங்காய்ப்பாலில் சேர்ப்பதும் அவ்வாறே வந்தது. ஊரில் இருந்த மாமியார் இதைப் பார்த்திருந்தால் ‘இதென்ன தழை?’ என்றிருப்பாள். தமிழ்ச் சமையல் இங்கே கெட்டுப்போயிற்று என்று நான் நினைக்கவில்லை. ஊருக்கு ஏற்பக் கைவந்தது என்றே நினைக்கிறேன்.

1942 சனவரியில் ஜப்பானியர் மலாக்காவுக்குள் புகுந்தனர். போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் தருவித்தது. பிரெஸ் கண்ட பழைய நிலைதான். கப்பல் நின்றதும் உலையும் நின்றது. ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. மரங்களுக்கு இடையே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டனர். ஒருகாலத்தில் மலாக்கா மண்ணைத் தின்ற மரவள்ளி இப்போது மலாக்கா மக்களைத் தாங்கிற்று. கசப்பு வகையைச் சரியாக ஊறவைத்து வேகவைக்கத் தெரியாமல் உண்டால் நஞ்சு, தெரிந்தவர் பிழைத்தனர். வாழைமரம் பொறித்த நோட்டு மூட்டையாய் இருந்தும் சந்தையில் ஒரு கூடை காய்க்குப் போதவில்லை. 1945-இல் அது வெறுந்தாளாயிற்று. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905-இல் போட்ட ரயில் பாதையையே பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்கு எடுத்துச் சென்றனர். தண்டவாளத்துடன் நம் ஆடவரையும் கொண்டுசென்றனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் உயிர் தாங்கியது கொல்லையால். (போரினால் மலாயாச் சவ்வரிசி நின்றதே, 1943-ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கியதற்குக் காரணம். ஒரு கிழங்கு இருகரையிலும் செய்த வேலையைப் பாருங்கள்!)

1948-இல் அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு எட்டாதபடி செய்ய, 1951 ஜூன் முதல் அரசாங்கம் கடுமையான உணவுத் தடையை நடத்திற்று. லயங்களைச் சுற்றி முள்வேலி. பால்வெட்டுக்குப் போகும் பெண்ணின் தூக்குச்சட்டியையும் மடியையும் வாயிலில் சோதித்தனர். வேலிக்கு வெளியே நட்ட கத்திரியைப் பறிக்கவும் மணி பார்த்துப் போகவேண்டும். 1953 செப்டம்பரில் மலாக்காக் கடலோரப் பகுதியே நாட்டில் முதன்முதலாக ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீங்கின. அரசியல் நூல்களில் இஃது ஒரு வரி. நாள் பார்த்து, நேரம் பார்த்து வாங்கியவர்க்கு, நினைத்தபோது சந்தைக்குப் போகலாம் என்பது ஒரு வரியில் அடங்குவதோ?

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் துண்டு துண்டாக்கினர். இருந்த இடத்திலேயே வேரற்றுப்போன மக்களுக்காகத் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்; தொழிலாளரின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். நம்மவர் வரலாற்றில் மண்ணைப் பற்றி எடுத்த பெருமுயற்சி அதுவே. எல்லோர்க்கும் அது எட்டவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது, லயங்கள் காலியாயின. நானறிந்த தோட்டமொன்று கைமாறியபோது மரத்துக்கு மரம் எண்ணி விலை போட்டனர். குடும்பங்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தனர். முப்பதாண்டு காய்த்த கொல்லை முருங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதை எழுதிய கிராணியைக் குறை சொல்லேன். நானாயினும் அதையே எழுதியிருப்பேன். கட்டம் இல்லையே!

தோட்டம் விட்டவர்கள் பட்டணத்து அடுக்குவீடுகளில் குடியேறினர். நான்காம் மாடியில் பாத்தி கட்டுவது எங்கே? வாளியில் கறிவேப்பிலை வைத்திருக்கின்றனர். சிலர் மின்தூக்கிக்கு அருகே கற்பூரவல்லியும் வைத்திருக்கின்றனர். மற்றதெல்லாம் சந்தையில்தான். 1965-இல் அமைந்த ‘பாமா’ என்னும் அரசாங்க விளைபொருள் விற்பனை வாரியம் 1985-இல் ‘பசார் தானி’யைத் தொடங்கிற்று, விளைத்தவரே வாடிக்கையாளரிடம் நேரே விற்பது அதன் நோக்கம். தமிழகத்தில் அதே கருத்தில் 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. இடைத்தரகனை நீக்கும் முயற்சியில் மலாக்கா மதுரைக்கு முந்திக்கொண்டது. எனினும் ஒன்று: அந்த விரிப்புகளில் விற்பனைக்கு அமர்ந்திருப்போருள் நம்மவரை எண்ணிப் பாருங்கள். வாங்குவோராய் நிரம்ப இருக்கிறோம். விளைத்தவராய் அமர நிலம் வேண்டும்.

சென்ற பழப்பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாப் பக்கம் சென்றிருந்தேன். டுரியான் குவியல்களுக்கு அப்பால், சந்தையின் கோடியில், ஒரு முதிய அம்மையார் சாக்கு விரித்து முருங்கைக்கீரைக் கட்டுகளும் கொஞ்சம் வாழைப்பூவும் வைத்திருந்தார். என்னைக் கண்டு, “கிராணி ஐயாதானே? உங்களைப் பழைய தோட்டத்துல பார்த்திருக்கேன்” என்றார்.

“ஆமாம் அம்மா. இந்தக் கீரை எந்த ஊர்க் கீரை?” என்று கேட்டேன்.

“எந்த ஊர்? நம்ம லயத்துக் கீரைதான் ஐயா. லயத்தை இடிச்சுட்டாங்க, மரத்தை விட்டுட்டாங்க. பேரன் மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டுப் போவான். விடியறதுக்குள்ள பறிச்சுட்டு வந்துடுவேன்.”

“யாரும் ஒன்றும் சொல்வதில்லையா?”

“என்ன சொல்வாங்க? நட்டது நான்.”

கட்டு இரண்டு வெள்ளி என்றார். மூன்று கட்டு வாங்கினேன். நான்காவது ஒன்றை, வேண்டாம் என்றும் கேளாமல், பையில் திணித்துவிட்டார்.